அம்மா ஆடிய புலி

வீடியோ கேம்களுக்குக் கதையும், பத்திரிகைகளுக்கு அவற்றின் விமர்சனமும் எழுதுவது என் தொழில். இன்று விமர்சனத்துக்கு வந்த விளையாட்டில் ஓர் ஆட்டுக்குட்டி கத்தியதும் மனம் நான் வளர்ந்த போடிக்குப் போய்விட்டது.

அப்போது நான் ஒன்பது வயதுச் சிறுமி. காலாண்டு லீவு. அப்பா இல்லை. ஏலக்காய் பறிக்க அம்மா விடியும்போதே ஜீப்பில் போடிமெட்டு மலைக்குப் போய்விடுவாள். நான் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கோடு வரைந்து, ஆடுபுலி ஆட்டத்தில் இரண்டு பக்கமும் நானே ஆடுவேன். புலியும் ஆடுகளும் பேசுவதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்து நோட்டில் எழுதுவேன்.

ஒருநாள் பொழுது சாய வந்த அம்மா, "பகலெல்லாம் வீட்டுக்குள்ள பேச்சுச் சத்தம் கேக்குதாமே. யாரு வந்தது, ஆத்தா?" என்றாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. நோட்டை வாசித்துக் காட்டினேன்.

"ஒத்தையிலயா பேசிக்கிட்டுக் கெடந்த?"

அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் எதிரே உட்கார்ந்தாள். "நான் புலி. வெரசா ஆரம்பி."

நாலு தடவை காய் நகர்த்தியிருப்பாள். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். விரலெல்லாம் ஏலக்காய்க் கறை. எழுப்ப மனம் வரவில்லை. அவள் காயைத் தொடவும் தோன்றவில்லை. 'புலிக்கு அசதி. ஆடுகள் காத்திருக்கின்றன' என்று நோட்டில் எழுதினேன்.

மறுநாளும் விடியும்போதே ஜீப் வந்துவிட்டது. அந்த ஆட்டத்தை நாங்கள் முடிக்கவேயில்லை.