லைன் பதினொரு நிமிடம் நின்றது

போன வாரம் ஒரு நாள் காலையில் வீட்டு வாசலில் ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். கம்பெனி யூனிஃபார்ம், கையில் மடித்த காகிதம். எங்கள் கம்பெனிக்கு வந்து பேசியது நீங்கள்தானே என்று கேட்டார்.

பேச்சைப் பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பேன்? அங்கே எனக்குப் போர்த்திய சால்வையின் மடிப்புகூடக் கலையவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு, உற்சாகமாகக் காபி போடப் போனேன்.

அது என்ன பேச்சு என்று சொல்லிவிடுகிறேன். ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை... பெயர் வேண்டாம். தற்கொலைத் தடுப்பு விழிப்புணர்வுக் கூட்டம். குத்துவிளக்கு, பூங்கொத்து, சட்டையில் குத்த பேட்ஜ். எல்லோரும் வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். அப்புறம், ‘எனக்கு மனக்கவலை எதுவும் இல்லை’ என்று அச்சடித்த ஃபாரத்தில் வரிசையாகக் கையெழுத்து. கவலை இருப்பவர்கள் எழுதிப் போட ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு நேர் மேலே ஒரு சிசிடிவி கேமரா! எந்த மகானுபாவர் யோசித்து வைத்தாரோ?

நான் மட்டும் என்ன யோக்கியம்? நாற்பது நிமிடம் முழங்கினேன். அந்த வார்த்தையையே வாயில் எடுக்காதீர்கள், நல்லதையே நினையுங்கள், நல்லதே நடக்கும் என்றேன். கைதட்டினார்கள். குரூப் போட்டோ எடுத்தார்கள். தடுத்தாயிற்று.

வந்தவர் பெயர் மஞ்சுளா. மத்தூர்க்காரர். உற்பத்தி லைனில் ரிலீவர். அதாவது, யாராவது பாத்ரூம் போனால் அவர் இடத்தில் நின்று வேலையைப் பார்ப்பவர். மனிதன் போகலாம், வரலாம். லைன் நிற்கக்கூடாது பாருங்கள்.

ஹாலில் எந்த வரிசையில் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

“நான் எங்கீங்க சார் ஹாலுக்கு வந்தேன்? லைன்ல நின்னுட்டிருந்தேன். நீங்க பேசுனது ஸ்பீக்கர்ல கேட்டுச்சு.”

கூட்டம் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டுமாம். அவர்கள் கவலையைப் பற்றிக் கேட்கப் போனபோது, அந்த இடங்களில் ரிலீவர்களும் கான்ட்ராக்ட் ஆட்களும் நின்றிருக்கிறார்கள். எவனுக்கு அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதோ, எவன் சொந்த ஊரை விட்டு வந்து ஒற்றை ரூமில் கிடக்கிறானோ, அவன் லைனில். ஓசூரிலேயே வீடு, பக்கத்துத் தெருவில் மாமியார் என்று இருப்பவர் ஹாலில். காய்ச்சல் ஒருத்தனுக்கு, ஊசி இன்னொருத்தனுக்கு.

அந்தக் கான்ட்ராக்ட் ஆட்களில் ஒருவர்... முத்து என்று வைத்துக்கொள்வோம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். முப்பது வயது. சண்டையில் மனைவி குழந்தையோடு ஊருக்குப் போய்விட்டார். கான்ட்ராக்ட் முடியப்போகிறது என்றும் சொல்லிவிட்டார்கள். குடி கூடியிருக்கிறது. மஞ்சுளா அவர் இடத்தில் நிற்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறார், மூன்று நாளாக டிபன் பாக்ஸ் திறக்கப்படவே இல்லை. பிறகு ஒரு நாள் ரெயின்கோட்டை ஒருவருக்குக் கொடுத்தாராம். ரைஸ் குக்கரை இன்னொருவருக்கு. இனிமேல் எனக்கு வேண்டாம் என்றாராம். வாங்கியவர்களுக்கு ஒரே சந்தோஷம். ஓசியில் குக்கர் வந்தால் யார் காரணம் கேட்கிறார்கள்?

ஓசூரை ஒட்டிய சானமாவு காட்டில் யானை ரோட்டைத் தாண்டினால் அரை மணி நேரத்தில் அத்தனை வாட்ஸ்அப் குரூப்பிலும் தகவல் வந்துவிடும். ஒரு மனிதன் தன் சாமானையெல்லாம் தானம் கொடுத்துக்கொண்டிருக்கிறான்... ஒரு குரூப்பிலும் வரவில்லை.

மஞ்சுளா மட்டும் லைன் லீடரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன பதில்: “அதான் பெட்டி வச்சிருக்காங்கல்ல, எழுதிப் போடுங்க.”

மறுநாள் முதல் ஷிஃப்ட். பாத்ரூம் போகிறேன் என்று போன முத்து இருபது நிமிடமாகியும் வரவில்லை. மஞ்சுளா அவர் இடத்தில் நின்றுகொண்டிருக்கிறார். ரிலீவரை ரிலீவ் பண்ண ஆளில்லை. கையில் இருந்ததை வைத்துவிட்டுப் போய்விட்டார். லைன் நின்றது.

ஸ்டோருக்குப் பின்னால், அட்டைப்பெட்டி அடுக்குகளுக்கு நடுவே முத்து உட்கார்ந்திருந்தாராம். மஞ்சுளாவும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நல்லதே நடக்கும் என்றெல்லாம் சொல்லவில்லை.

“முத்து, செத்துப் போயிடலாம்னு நெனைக்கிறியா?” என்று கேட்டிருக்கிறார்.

“ஆமாக்கா. ரொம்ப நாளாவே” என்று சொல்லிவிட்டு அழுதிருக்கிறார்.

கூட்டிக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு வந்தால், செக்யூரிட்டி அவுட் பாஸ் கேட்டாராம். காரணம் எழுத வேண்டுமாம். மஞ்சுளா செக்யூரிட்டியைத் தள்ளிக்கொண்டு முத்துவோடு வெளியே வந்து, ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். முத்துவின் போனிலிருந்தே அவர் மனைவியைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் வந்து சேரும்வரை முத்துவைத் தனியாக விடவில்லை.

இப்போது மாத்திரை, டாக்டர் என்று போய்க்கொண்டிருக்கிறது. மனைவியும் குழந்தையும் கூடவே இருக்கிறார்கள். சாப்பிடுகிறான், தூங்குகிறான் என்றார் மஞ்சுளா. பிரச்சினை எதுவும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் ஆள் இருக்கிறார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இருந்தாலும் மேடை புத்தி போகுமா? அப்படி முகத்துக்கு நேரே கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடாதா என்று கேட்டேன்.

“பசிக்குதான்னு கேட்டதாலயா சார் ஒருத்தருக்குப் பசி வருது?”

தெரிந்த மனநல மருத்துவர் ஒருவரிடம் பிறகு விசாரித்தேன். அவரும் இதைத்தான் சொன்னார்: கேட்பதால் எண்ணம் வராது, கேட்டால்தான் சொல்லவே வழி கிடைக்கும். நாற்பது நிமிடம் மைக் பிடித்து நான் சொன்னது நேர்மாறு. வெட்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

சரி, கையில் என்ன காகிதம்? மெமோ. முன் அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டுச் சென்றதால் உற்பத்தி பதினொரு நிமிடம் பாதிக்கப்பட்டது, மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும். நல்ல தமிழில் பதில் எழுதித் தரச் சொல்லித்தான் என்னைத் தேடி வந்திருக்கிறார். அவரே ஒன்று எழுதியும் வைத்திருந்தார். படித்தேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் கொடுக்கச் சொன்னேன்.

‘முத்து உயிரோடு இருக்கிறார். விளக்கம் அவரிடம் கேட்டுக்கொள்ளவும்.’

நேற்று போன் செய்தார். ஃபார்மட் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.