மீசைக்காரர் வண்டியும் ஐந்து பெரியவர்களும்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் தீனதயாளனைப் பெயர் சொல்லி யாரும் தேடுவதில்லை. "மீசைக்காரரு வண்டி போயிட்ச்சா?" என்றுதான் கேட்பார்கள். கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை வரை போகும் மினி பஸ்ஸின் ஓட்டுநர் அவன். மீசை, உதட்டில் தொடங்கிப் பாதிக் கன்னம் வரை போய், அங்கே ஏதோ மறந்துவிட்டதுபோல மேலே திரும்பியிருக்கும். லைசென்ஸ் எடுத்த வருஷம் வளர்த்தது. மனைவி ராணியம்மாள் அவன் மேலுதட்டைப் பார்த்ததே இல்லை.

மலையில் அவனுக்கு இன்னொரு பெயரும் உண்டு. நிற்கிற டிரைவர். மாலையில் மலையேறும் கடைசி வண்டி அவனுடையது. வளைவில் ஓர் ஆள் மூட்டையோடு நின்று, அந்த ஆளின் கூட்டாளி இன்னும் பள்ளத்துப் பாதையில் வந்துகொண்டிருந்தால், இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பான். கண்டக்டர் விசிலைக் கடித்துத் துப்பினாலும் வண்டி நகராது.

"இத வுட்டா அவங்களுக்கு வேற வண்டி ஏது?" என்பான்.

அப்படிப்பட்டவன் வீடியோ கேம் ஆட வந்ததற்குக் காரணம் நிஷாத். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் நிஷாத், டிரிப்புக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருந்தவனின் போனில் ஓர் ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்தான். ஊர் கட்டி, படை சேர்த்து, நாடு பிடிக்கும் ஆட்டம். சுடுவது, ஓடுவது எல்லாம் கிடையாது. நம் முறைக்கு நாம் நகர்த்த வேண்டும், பிறகு எதிராளி நகர்த்தும் வரை காத்திருக்க வேண்டும். இரண்டு நாள் ஆனாலும் ஆட்டம் அப்படியே நிற்கும்.

"இது நல்ல வண்டி பாய். நம்ம ஏறுற வரைக்கும் கெளம்பாது" என்று தீனா அதில் உட்கார்ந்துவிட்டான்.

எதிராளி நான். தியாகதுருகத்தில் எட்டாவது வரை அவன் பக்கத்து இருக்கை. அதற்குமேல் என்னை இங்கிலீஷ் பள்ளிக்கு மாற்றினார்கள். அது கொண்டுபோய் விட்ட இடம் கடல் தாண்டி ராட்டர்டாம். காலையில் எழுந்ததும் இந்த ஊரில் மழையா என்று பார்ப்பதற்கு முன்னால் கல்வராயன் மலையில் மழையா என்று பார்க்கிறவன் நான். தீனாவின் நகர்த்தல் போனில் வந்துவிட்டால், வண்டி பத்திரமாக மேலே சிக்னல் உள்ள வளைவைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகுதான் எனக்குக் காபி இறங்கும்.

அந்த ஆட்டத்தில் பெரியவர்கள் என்று ஒரு வகை உண்டு. நம் நாடு செழித்தால், உலக வரலாற்றிலிருந்து ஒரு விஞ்ஞானியோ சிற்பியோ தளபதியோ நம் ஊருக்கு வந்து நிற்பார். ஒருவரை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தலாம். தீனாவுக்கு முதலில் வந்தவர் நீண்ட தாடி வைத்த ஒரு வானியல் அறிஞர்.

"இவர அமுக்குனா பீரங்கி செய்யற வித்த உடனே கெடைக்கும்ண்ணே" என்றான் நிஷாத். அந்தச் சமயம் நானும் போனில் இருந்தேன்.

"அமுக்குனப்பறம் இவரு?"

"காணாம பூடுவாரு."

"எங்க?"

"எங்கயும் இல்லண்ணே. யூஸ் பண்ணா தீந்துடும்."

"இன்னா பாய் இது? அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்த மனுசங்கிட்ட வேலைய வாங்கிக்கினு ஆளையே இல்லாம ஆக்குறதா? இருக்கட்டும். ஒக்காரட்டும்."

"டேய், அது மனுஷன் இல்லடா. பொம்மை" என்றேன் நான்.

"நீ பேசாத தொர. நீ நேத்து ஒரு கவிஞர அமுக்கி வரி ஏத்துனவன்."

சின்னதுரை என்கிற நான் எப்போதும் அவனுக்குத் தொரதான்.

இப்படியே ஐந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். தாடிக்காரர், ஒரு கணக்கு அம்மா, பாலம் கட்டும் பொறியாளர், ஒரு தளபதி, ஒரு சிற்பி. தீனா தன் தலைநகருக்கு வைத்த பெயர் தியாகதுருகம். மலைமேல் கோட்டை. அதற்குள் ஐந்து பேரும் வேலை வெட்டியில்லாமல் நின்றார்கள். அவர்கள் யார், எந்த நாடு என்று நிஷாத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பஸ்ஸில் முன் சீட்டில் உட்காருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

பந்தயம் நிஷாத் மூட்டிவிட்டது. தலைநகரை இழக்கிறவன் தோற்றவன். நான் தோற்றால் ஊருக்கு வந்து, ஒரு நாள் முழுக்க அவன் பஸ் படியில் தொங்கி ஊர்ப் பெயர்களைக் கூவ வேண்டும். எனக்கு மேடையேறினாலே குரல் போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும்.

"நீ தோத்தா?" என்றேன்.

தீனா மீசையைத் தடவினான். "இத எடுத்துடறேன் போ."

பின்னால் ராணியம்மாள் கத்தியது ராட்டர்டாமுக்கு நேராகவே கேட்டிருக்கும். "ஐயோ, அத எடுத்தா அந்த மூஞ்சியில இன்னா இருக்கும்?"

நான் பயந்தே போர் தொடுத்தேன். படியில் தொங்கிக் கூவ என்னால் ஆகாது. என் படை உளுந்தூர்பேட்டை என்று அவன் பெயர் வைத்த ஊரைத் தாண்டிக் கோட்டைக்குக் கீழே வந்து நின்றது. அவனிடம் இருந்தது இரண்டே காவல் படை. நிஷாத் கெஞ்சியிருக்கிறான். "பொறியாளர அமுக்குண்ணே, மதிலு டபுளாவும். தளபதிய அமுக்கு, தொர ஓடியே போயிடுவாரு. மீசைண்ணே, மீசை!"

அன்று நகர்த்தல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம் மழை என்று போன் காட்டியது. எனக்குள் பஸ் பத்து முறை பள்ளத்தில் உருண்டது. தாங்காமல் ராணியம்மாளைக் கூப்பிட்டேன்.

"வூட்லதான் இருக்காருண்ணா. சோத்துல கைய வெச்சிக்கினு போனையே பாத்துக்கினு இருக்காரு. யாரையோ எப்டி பத்தரமா எறக்கறதுன்னு தெரியலையாம்."

அடுத்த நாள் நகர்த்தல் வந்தது. கோட்டையின் பின்வாசலில் நான்கு பெரியவர்கள் புறப்படத் தயாராக நின்றார்கள். ஆனால் சிற்பி தெற்கே ஒரு கல்குவாரிக்குப் போனவர், மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தார். அவரை அழைத்துவர, கையிலிருந்த இரண்டு காவல் படையையும் தீனா அனுப்பிவிட்டிருந்தான். மதில்மேல் ஆளே இல்லை. நான்கு பேரும் போகாமல் அவருக்காக நின்றார்கள்.

இரண்டாவது நகர்த்தலில் நான் உள்ளே நுழைந்தேன். அதற்குள் சிற்பியும் வந்துசேர, ஐந்து பேரும் பின்பக்கமாக இறங்கிக் கிழக்குக் கடலில் கப்பலேறியிருந்தார்கள். தலைநகர் என்னுடையது. வென்றுவிட்டேன்.

உடனே போன் போட்டேன். "தீனா, பந்தயம் வேணாம்டா. விளையாட்டுக்குச் சொன்னது. பஸ்ஸுல எல்லாரும் உன்ன..."

"யோவ் தொர, பாய் சாட்சி. பேச்சுன்னா பேச்சுதான்."

"அந்தச் சிற்பிய வுட்டுட்டுப் போயிருந்தா காவலு மதில்லயே இருந்திருக்கும்ல?"

"கடைசி வண்டிடா அது."

சலூன்காரர் பழனி கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "வூட்ல கேட்டீங்களா?" என்று மூன்று தடவை கேட்டாராம். வீடியோவில் வந்த முகம் எட்டாம் வகுப்பு முகம், கொஞ்சம் சதை போட்டது. ராணியம்மாள் கதவைப் பாதி திறந்து, "டிரைவரு இன்னும் வரலிங்க, அப்பறமா வாங்க" என்று சாத்திவிட்டுச் சிரித்த சிரிப்பில் போனே ஆடியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் மாலை வண்டி மலையேறும் நேரம் முழுக்க அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. தீனாவே பிறகு வீடியோவில் கூப்பிட்டுச் சொன்னான்.

வளைவில் பூமாலை நின்றிருக்கிறாள். சந்தைக்குப் புளி கொண்டுவரும் மலைக்காரப் பெண்மணி, பல வருஷப் பயணி. ஓட்டுநர் இருக்கையில் மழமழவென்று ஒரு முகத்தைப் பார்த்ததும், வண்டியை நிறுத்த நீட்டிய கையைக் கீழே போட்டுவிட்டாள்.

"நீ போ சாமி. மச்சான் இன்னும் பள்ளத்துல வருது. மீசைக்காரரா இருந்தா நிப்பாரு."

தீனா இன்ஜினை அணைத்திருக்கிறான். கண்டக்டர் விசிலைக் கடித்திருக்கிறான். கீழே இருந்து அவள் கணவன் மூட்டையோடு மூச்சிரைக்க வந்து சேரும் வரை வண்டி நகரவில்லை. பூமாலை படியில் ஏறிக் குனிந்து அவன் முகத்தை உற்றுப் பார்த்திருக்கிறாள்.

"அட, நீங்கதானா! இன்னா இப்டி உரிச்ச கெழங்காட்டம் இருக்கீங்க?"

பஸ்ஸே சிரித்ததாம். வெள்ளிமலை வரை அந்தச் சிரிப்பு அடங்கவில்லையாம். அதைச் சொல்லும்போது அவனும் சிரித்து, பழக்கதோஷத்தில், இல்லாத மீசையைத் தடவப் போனது எனக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் எனக்கு ஒரு நகர்த்தல் வந்தது. ஆட்டம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். கிழக்குக் கடலில் ஒரு குட்டித் தீவு. புதிதாக ஒரே ஓர் ஊர். பெயர் வெள்ளிமலை. ஊருக்கு நடுவே ஐந்து பெரியவர்களும், வழக்கம்போல வேலை வெட்டியில்லாமல்.

"கோட்டை கட்டலியா?" என்று எழுதிக் கேட்டேன்.

"அவசரப்படாத தொர. மொதல்ல மீசை மொளைக்கட்டும்."