மஞ்சள் வட்டம் போட்ட வெள்ளிக்கிழமை

ஜொகூர் பாரு, பெர்மாஸ் ஜெயாவில் சலவைக் கடைக்கு மேல்மாடியில் ஒரு கற்றல் மையம் இருக்கிறது. எழுத்து கண்ணில் நிலைத்து நிற்காத பிள்ளைகளுக்கான இடம். டிஸ்லெக்சியா என்று சொல்வார்கள். புத்தியில் குறைவில்லை, சோம்பலும் இல்லை. வரி மட்டும் வழுக்கும். அங்கே கிளார்க் வேலை பார்ப்பவள் தவமணிதேவி. பதினொரு வருஷமாகப் பெற்றோர்களுக்கு வாராவாரம் போகும் கடிதத்தை எழுதுகிறவளும் அவள்தான்.

அந்தக் கடிதத்தைப் பற்றி எங்கள் கடை வரிசையில் ஒரு பேச்சு உண்டு. ஒரு தரம் 'புதன்கிழமை விளையாட்டு உடுப்பு' என்று எழுதி அனுப்பினாளாம். புதன்கிழமை காலையில் பிள்ளைகளோடு சலவைக் கடை முதலாளியும், படிக்கட்டில் படுத்துக் கிடக்கும் சாம்பல் பூனையும் விளையாட்டு உடுப்பில் வந்து நின்றார்களாம். நம்பாதவர்கள் பூனையைக் கேட்டுக்கொள்ளலாம். அவ்வளவு தெளிவாக எழுதுவாள் என்பதுதான் சேதி.

தெளிவுக்குக் காரணம் இருந்தது. இந்தப் பிள்ளைகளின் வீடுகளில் பெரியவர் யாராவது ஒருவருக்கும் அதே வழுக்கல் இருக்கும். ஆனால் வெளியே சொல்ல மாட்டார்கள். விண்ணப்பப் பாரத்தை நீட்டினால் "கண்ணாடி கொண்டு வரல" என்பார்கள். வந்த முதல் வருஷமே தவமணி இதைக் கண்டுகொண்டாள். அதனால் கடிதத்தைப் பழுப்பு நிறத் தாளில், பெரிய எழுத்தில், ஒரு வரிக்கு ஒரு சேதியாக எழுதினாள். கிழமைக்கு ஒரு வண்ண வட்டம். ஞாயிறு மஞ்சள், வெள்ளி பச்சை, இப்படி ஏழு நாளுக்கும். எழுத்து ஏமாற்றினாலும் வட்டம் ஏமாற்றாது என்று பெற்றோர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்ட பிறகு, அதையே தன் குரலில் படித்தும் அனுப்புவாள்.

குரலைப் பதிவு செய்வது காருக்குள். சாயங்காலம் அவளை அழைத்துப் போக வரும் கணவர் கமலநாதன் இஞ்சினை அணைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஐந்து நிமிஷம் மூச்சை அடக்கி முகம் நீலம் பாரித்தார் என்று அவளே எங்களிடம் கதை கட்டியிருக்கிறாள். படித்து முடித்ததும், "நல்லா இருக்கு, அனுப்பு" என்பார்.

போன டிசம்பரில் ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்த கமலநாதன் எழுந்திருக்கவில்லை. தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அது முடிகிற வரைக்கும் அவர் தூங்குகிறார் என்றே தவமணி நினைத்திருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது வாரமே இடம் மாறியிருந்தது. ஜொகூரில் அதுவரை வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். ஜனவரி முதல் சனியும் ஞாயிறும் விடுமுறையாகிவிட்டன. ஊரே இரண்டு மாதம் இதைப் பற்றித்தான் பேசியது. தவமணிக்கு எல்லா நாளும் ஒன்றுபோல இருந்தது. எழுந்தாள், குளித்தாள், போனாள், வந்தாள். யாராவது சிரிப்பாகப் பேசினால் சரியான இடத்தில் சிரித்தாள். அழுகை வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். வரவில்லை. கடிதத்தை மட்டும் நிறுத்தவில்லை. பழைய கடிதத்தை எடுத்து, தேதியை மாற்றி, அனுப்பிக்கொண்டிருந்தாள். குரல் அனுப்புவதை விட்டுவிட்டாள்.

மதிப்பீட்டு நாள் வந்தது மே மாதத்தில். கோலாலம்பூரிலிருந்து டாக்டர் குகநாதன் வருஷத்துக்கு இரண்டு தடவை, மேயிலும் நவம்பரிலும் வருவார். பிள்ளைகளைச் சோதித்து அவர் எழுதித் தரும் அறிக்கை இருந்தால்தான் அரசாங்கப் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அவருக்கு அங்கே ஞாயிறு லீவு, இங்கே அது வேலை நாள். ஆகவே எத்தனையோ வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதான் வந்தார். இப்போது இங்கேயும் ஞாயிறு மூடியிருப்பதால் ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை, மே பதினாறு, வருவதாகச் சொல்லியிருந்தார்.

தவமணி போன வருஷத்துக் கடிதத்தை எடுத்தாள். தேதியைப் பதினாறு என்று மாற்றினாள். ஞாயிறும் மஞ்சள் வட்டமும் அப்படியே இருந்தன. தலைமை ஆசிரியை பிரவீனா கையெழுத்துப் போட்டாள். பதினொரு வருஷமாகத் தப்பு வராத கடிதத்தை யார் உட்கார்ந்து படிப்பார்கள்?

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் வந்துவிட்டார், ஒரு பிள்ளையும் வரவில்லை. பிரவீனா கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். தவமணியைப் பார்த்தாள். போனை எடுத்தாள். ஜொகூர் பாருவிலேயே இருந்த மூன்று குடும்பங்கள் அரக்கப் பரக்க ஓடி வந்துவிட்டன. நான்காவது பிள்ளை மீனு, ஊர் காஹாங். இரண்டு மணி நேர ஓட்டம். மாதம் ஒரு தரம்தான் மையத்துக்கு வருவாள். மற்றபடி அந்த வீட்டுக்கும் மையத்துக்கும் உள்ள தொடர்பு இந்தக் கடிதம்தான். அப்பா வேலு செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். தோட்டத்துக்குள் போனால் லைன் கிடைக்காது. அம்மா சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. தவமணி ஆறு தரம் அழைத்தாள். பிறகு எழுதி அனுப்பினாள்: தேதி தவறு, டாக்டர் இன்றே வந்துவிட்டார், ஞாயிறு வரவேண்டாம், எனக்குப் போன் செய்யுங்கள்.

போன் வரவில்லை. டாக்டர் நாலு மணிக்குப் புறப்பட்டுப் போனார்.

ஞாயிறு காலை எட்டே முக்காலுக்கு அழைப்பு வந்தது.

"கிராணியம்மா, கேட்டு பூட்டியிருக்குலா. யாரையும் காணோம்."

எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர் வேலு. ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிற யாரும் அவருக்குக் கிராணிதான். தவமணி நடந்தே போனாள், பத்து நிமிஷம். சலவைக் கடை வாசலில் வேலு தேய்த்த சட்டையோடு நின்றார். மீனு பள்ளிச் சீருடையில், மடியில் பென்சில் டப்பாவோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பூனை அவளுக்குப் பக்கத்தில்.

"டாக்டர் வெள்ளிக்கிழமையே வந்துட்டுப் போயிட்டாரு" என்றாள் தவமணி.

வேலு போனைத் திறந்து கடிதத்தைக் காட்டினார். "இது மஞ்சதானே?"

"மஞ்சள்தான்."

"மஞ்சன்னா ஞாயிறுதானே? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமா. நான்தான் தப்பா போட்டுட்டேன். வெள்ளிக்கிழமை எத்தனையோ தரம் போன் பண்ணேன். மெசேஜும் போட்டிருந்தேனே, வேலு."

வேலு போனைப் பார்த்தார். மெசேஜ் அங்கேதான் இருந்தது. "பார்த்தேன். ஏதோ கட்டணம் பத்தின்னு நெனச்சேன். கண்ணாடி கொண்டு போகல."

"அப்பா, உங்ககிட்ட கண்ணாடியே இல்ல" என்றாள் மீனு.

யாரும் சிரிக்கவில்லை. வேலு சட்டைப் பையைத் தடவினார், அங்கே கண்ணாடி இருக்கக்கூடும் என்பதுபோல. பதினொரு வருஷம் பெற்றோர்களுக்குக் குரலில் சேதி அனுப்பியவள், அவசரமான ஒரே ஒரு சேதியை எழுத்தில் அனுப்பியிருந்தாள். வெட்கமாவது வந்திருக்க வேண்டும். தவமணி தனக்குள் தேடிப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்த தட்டு மாதிரி இருந்தது.

"அடுத்தது எப்ப?" வேலு கேட்டார்.

"நவம்பர்."

"அலமாக்! நவம்பர்ல பரீட்சையே வந்துடுமே."

அதுதான் விஷயம். மீனு ஐந்தாம் படிவம், பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. வரலாற்றுப் பாடத்தில் தேறாவிட்டால் சான்றிதழே கையில் வராது. வாயால் கேட்டால் ஒரு ராஜாவை விடாமல் சொல்வாள். எழுதச் சொன்னால் பாதித் தாளிலேயே மணி அடித்துவிடும். கூடுதல் நேரத்துக்கான பாரம் டாக்டரின் அறிக்கையோடு மே முப்பதுக்குள் போயாக வேண்டும். இன்னும் பன்னிரண்டு நாள்.

தவமணி அங்கேயே நின்று டாக்டர் குகநாதனை அழைத்தாள்.

"தவமணியக்கா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை" என்றார் அவர்.

"தெரியும் டாக்டர். இப்பத்தான் தெரிஞ்சுது."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "புதன்கிழமை காலையில ஏழு மணிக்குக் கோலாலம்பூர் வரமுடியுமா? ஒம்பதரைக்குள்ள முடிச்சுக் குடுக்கிறேன். அதுக்கு மேல என்னால ஆகாது."

தவமணி கேட்டுச் சொல்ல, வேலு முடியாது என்று தலையை ஆட்டினார். குலை வெட்டினால் அன்றைக்கே ஆலைக்குப் போயாக வேண்டும். லாரியை நிறுத்த முடியாது. மனைவிக்கு ஷிப்ட். "தெரியாத ஊருக்குப் புள்ளய ஒத்தையா எப்படி அனுப்புறது?"

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் தவமணி. சொன்னது அவள்தான். பக்கத்தில் யாரோ சொன்னதுபோல் அவளுக்குக் கேட்டது.

செவ்வாய் மதியம் லார்க்கினில் பஸ் ஏறினார்கள். மீனு ஜன்னலோரம். கையில் கிழங்கு கிரிப்ஸ் பொட்டலம். யோங் பெங் தாண்டும் வரைக்கும் அதைக் கொறித்துக்கொண்டு வந்தாள். பிறகு, "ஆன்ட்டி, ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"கெழமய மாத்திப் போட்டது நீங்க. சோதிக்கக் கூட்டிட்டுப் போறது என்னை. போறதுதான் போறோம், நீங்களும் ஒரு பாரம் எழுதிக் குடுத்துடுங்க."

தவமணி சரியான இடத்தில் சிரித்தாள். மீனு அவளை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க சும்மா சிரிக்கிறீங்க. எனக்குத் தெரியும். முந்தி பேசி அனுப்புவீங்களே, இப்ப ஏன் இல்ல?"

"தொண்ட சரியில்ல."

"அஞ்சு மாசமாவா?"

"ஆமா."

"அப்பா உங்க வாய்ஸ லாரியில போட்டுக் கேப்பாரு. பாட்டு மாதிரி. மூணு தரம், நாலு தரம். அப்பத்தான் மனசுல நிக்குமாம். இப்ப லெட்டர் வந்தா வட்டத்த மட்டும் பார்த்துட்டு, மத்தத என்னைப் படிக்கச் சொல்லுவாரு. நான் படிக்கிறதும் உங்களுக்குத் தெரியும்." பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டுத் தன் போனை எடுத்தாள். "கடைசியா வந்தத நான் சேவ் பண்ணி வச்சிருக்கேன். டிசம்பர் மாசத்துது. போடட்டா?"

பதில் வருமுன் போட்டுவிட்டாள்.

தவமணியின் குரல் தவமணிக்கே கேட்டது. வியாழக்கிழமை, நீல வட்டம், இரவல் வாங்கிய புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கவும். சனிக்கிழமை கூட்டம் இல்லை. தண்ணீர் போத்தலில் பெயர் எழுதவும். அவசரமில்லாத குரல். அது முடிந்து, ஒரு சின்ன இடைவெளிக்குப் பிறகு, கொஞ்சம் தள்ளியிருந்து ஓர் ஆண் குரல்: "நல்லா இருக்கு, அனுப்பு."

"இது யாரு, அங்கிளா?"

"ஆமா."

ஏதாவது வரும் என்று தவமணி காத்திருந்தாள். வெளியே செம்பனை மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் போயின. ஒன்றும் வரவில்லை.

"இன்னொரு தடவ போடு" என்றாள்.

மீனு போட்டாள். அப்போதும் வரவில்லை. மூன்றாம் தடவை தவமணி சொல்லாமலே மீனு போட்டாள். பிறகு போனை அணைத்து, கிரிப்ஸ் பொட்டலத்தைத் திறந்து அவள் பக்கமாக நீட்டினாள். தவமணி ஒன்று எடுத்தாள். நல்ல காரம். காரம் தெரிந்தது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கை சுபத்திரா வீட்டில் தங்கிவிட்டு, புதன்கிழமை ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே டாக்டரின் அறை வாசலில் இருந்தார்கள். மீனு உள்ளே போனாள். தவமணி நடைவழியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிர்ச்சுவரில் நாட்காட்டி தொங்கியது. அதில் ஞாயிறு எங்கே, வெள்ளி எங்கே என்று இரண்டரை மணி நேரமும் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தபோது கால் மரத்துப் போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

"எப்படி?"

"தெரியல. டாக்டர் நெறய கேட்டாரு. நான் நெறய சொன்னேன். பசிக்குது."

அறிக்கை இருபத்தெட்டாம் தேதி வந்தது. மறுநாள் காலை தவமணி பாரத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைப் போடவைத்து, அதைப் படம் எடுத்தாள். வேலுவுக்கு அனுப்பப் போனவள், நிறுத்தி, அழைத்தாள். லைன் கிடைக்கவில்லை. மதியம் மறுபடி அழைத்தாள். மூன்றாம் தடவை கிடைத்தது.

"பாரம் போயிடுச்சு, வேலு. மீனு பேருல. முத்திர போட்டுட்டாங்க."

லாரி இஞ்சின் சத்தம். "சரிம்மா" என்றார் வேலு. கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "சரிம்மா."

மறுநாள் கடித நாள். தவமணி பழைய கடிதத்தை எடுக்கவில்லை. வெறும் தாளில் தொடங்கினாள். முதல் வரி: 'மே 16 வெள்ளிக்கிழமைக்கு மஞ்சள் வட்டம் போட்டது தவறு. தவறு தவமணியுடையது.'

பிரவீனா படித்தாள். இந்தத் தடவை முழுதாகப் படித்தாள். "இது எதுக்கு அக்கா? முடிஞ்சு போனதுதானே?"

"வட்டத்த நம்பச் சொன்னது நான். இருக்கட்டும்."

கடிதம் போன பிறகு போனை எடுத்துக்கொண்டு பின்புறப் படிக்கட்டுக்குப் போனாள். கார் இப்போது இல்லை; விற்றாயிற்று. கீழே சலவைக் கடையில் துணி உலர்த்தும் இயந்திரங்கள் ஆறும் ஒரே நேரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. மூன்று தடவை தொடங்கி அழித்தாள். நாலாவதில் நிற்காமல் படித்தாள். திங்கள், வெள்ளை வட்டம். செவ்வாய், சிவப்பு வட்டம், வாசிப்பு அட்டைகள். விடுமுறையில் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். குரல் கட்டையாக, ஏற்றம் இறக்கம் இல்லாமல் வந்தது. படித்து முடித்ததும் உடனே விரலை எடுக்கவில்லை. நாலைந்து விநாடி சும்மா விட்டாள். அதில் இயந்திரச் சத்தம் மட்டும் பதிவாயிற்று. பிறகு அனுப்பினாள்.

அரை மணி கழித்து வேலுவிடமிருந்து குரல் சேதி வந்தது. "கிராணியம்மா, கேட்டேன். ரெண்டு தரம் கேட்டுட்டேன். கடைசியில ஒரே எரைச்சலா இருக்கே, அங்க மழையா?"

தவமணி பதிலைத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். இரண்டு சொல் எழுதி, அழித்துவிட்டு, போனை வாயருகே கொண்டுபோனாள்.

"மழை இல்ல, வேலு. கீழ துணி காயுது."