நடுவில் நின்ற லீவர்

இதைக் கட்டுக்கதை என்று சொன்ன மூன்று பேரை என் ஜீப்பில் ஏற்றி, உப்புவெளியில் ஈரம் தேங்கிய இடத்தில் இறக்கி, குனிந்து பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

நான் பசிலியா. உப்புவெளியை ஒட்டிய உயூனி ஊரில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டுகிறேன். உப்புவெளிதான் எங்களுக்குப் பிழைப்பு. ஆனால் எங்கள் வண்டிகளை அது அடியிலிருந்து தின்றுகொண்டே இருக்கும். சென்ற ஏப்ரலில் என் வண்டியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விட்டது. கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் இரும்புப் பெட்டி அது. எஞ்சினின் இழுவையை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும். அதற்கென்று ஓட்டுநர் பக்கத்தில் தனியாக ஒரு சின்ன லீவர் உண்டு. அந்த லீவர் நடுவில் நின்றால் எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பே கிடையாது. முதல் கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும், சரிவில் வண்டி உருண்டுவிடும்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிப் பெட்டி வாங்குவதற்குப் பாதி வண்டியை விற்க வேண்டும். வண்டி ஓடாவிட்டால் ஏஜென்சிக்காரர்கள் என் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். என் வீட்டில் உலை வைப்பதே அந்த வண்டியால்தான். அதனால் வியாழக்கிழமைச் சந்தையில் கலிஸ்தோவின் கடைக்குப் போனேன். உதிரிபாகம் விற்பவன். மலிவு என்றால் எல்லோரும் அவன் பெயரைத்தான் சொல்வார்கள்.

"வாங்க காசெரா" என்றான். வாடிக்கைக்காரர்களை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். "பிரேசில் சரக்கு. கம்பெனி பேர் மட்டும்தான் இல்ல. புத்தம் புதுசு."

"புதுசுன்னா எதுக்கு இவ்வளவு பெயின்ட்டு?"

"நீங்க கூடத்தான் பூசியிருக்கீங்க. நான் வயசு கேட்டனா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

மெக்கானிக் என் கொழுந்தன் ரூஃபினோ. மாலைக்குள் பெட்டியை மாட்டினான். "லீவர் கம்பி கொஞ்சம் குட்டை அண்ணி... ஏதாவது பண்றேன்" என்று அடியிலிருந்து முனகினான். பிறகு சாராயப் பாட்டிலை எடுத்தான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பாகம் மாட்டினால் முதல் துளி பூமித்தாய்க்கு. அதன் பிறகு, பழைய பாகம் என்றால் வாசலுக்கு வெளியே தெளித்து, "இருந்தவரே, இரும்ப விட்டுட்டுக் கிளம்புங்க" என்போம். புதிது என்றால் அதன் மேலேயே ஊற்றி வரவேற்போம்.

"பழசா, புதுசா அண்ணி?"

"புதுசு."

ரூஃபினோ ஊற்றினான். "வா. இனிமே இது உன் வீடு."

பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

டக்.

"குளிருக்கு இரும்பு சுருங்குது" என்றான் ரூஃபினோ.

மறுநாள் நான்கு பயணிகளோடு கிளம்பினேன். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. ஆனால் அந்தச் சின்ன லீவர்... கையை வைத்தால் சூடாக இருந்தது. எஞ்சின் சூடு இல்லை. யாரோ இப்போதுதான் பிடித்திருந்து விட்ட மாதிரி, உள்ளங்கைச் சூடு. ஸ்டியரிங்கும் அடிக்கடி வடக்கே திரும்பியது. நான் இழுத்துப் பிடித்தேன்.

மழை முடிந்த காலம். உப்பின் மேல் விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர். கண்ணாடி மாதிரி வானம் முழுவதும் கீழே கிடக்கும். பயணிகள் இறங்கிப் படம் எடுத்தார்கள். உச்சி வெயில். ஒரு பிரெஞ்சுப் பெண் என்னிடம் வந்தாள். உடைந்த ஸ்பானிஷில் கேட்டாள்.

"அடியில படுத்திருக்கிற மெக்கானிக் எப்ப வெளிய வருவார்?"

வண்டிக்கு அடியில் பார்த்தேன். யாரும் இல்லை.

தண்ணீரில் பார்த்தேன்.

வண்டியின் அடிவயிறு தெரிந்தது. அதில் ஒரு ஆள். அந்தப் பெட்டியை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு தொங்கினான். மார்பு இருக்க வேண்டிய இடம்... தட்டையாக இருந்தது. முகம் வடக்கே திரும்பியிருந்தது.

பயணிகளை ஊரில் இறக்கிவிட்டு, கத்தியால் பெட்டியின் பெயின்ட்டைச் சுரண்டினேன். திருட்டுக்குப் பயந்து இங்கே ஓட்டுநர்கள் பாகங்களில் பெயர் வெட்டி வைப்பார்கள். அதேதான். பெயின்ட்டுக்கு அடியில் ஒரு பெயர்.

செவெரோ.

எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. கலிஸ்தோவின் வீடு வடக்கே, எரிமலை அடிவாரத்தில். உப்புவெளியைக் குறுக்கே கடக்க வேண்டும். வழியில் ஓர் இடம் சேறு. சுற்றிப் போக ஸ்டியரிங்கைத் திருப்பினேன். சக்கரம் கேட்கவில்லை. வண்டி நேராகச் சேற்றில் இறங்கியது.

புதையவில்லை.

அதன் பிறகு நான் ஓட்டவில்லை. ஸ்டியரிங் மேல் கை வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

கலிஸ்தோவின் வீட்டு முன்னால் ஏற்றம். ஹேண்ட் பிரேக்கை உப்பு எப்போதோ தின்றுவிட்டது. முதல் கியரில் போட்டேன். பின் சக்கரங்களுக்கு இரண்டு பெரிய கற்கள் வைத்தேன். சாவியை எடுத்துக்கொண்டேன். சின்ன லீவர் நடுவில் இல்லை. பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

அவன் கோக்கா இலையை மென்றுகொண்டே வந்தான்.

"என்ன காசெரா, இவ்வளவு தூரம்?"

"பெட்டியக் கழட்டு. காசக் குடு."

"என்ன கொற அதுல?"

"சத்தம் வருது."

"பொம்பள ஓட்டினா எல்லாப் பெட்டியும் சத்தம் போடும்."

மல்லாந்து படுத்து அடியில் நகர்ந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"பெயின்ட்ட யாரு சுரண்டினது?"

"நான்தான். செவெரோ யாரு?"

கால்கள் அசையவில்லை. பிறகு மெல்லிய குரலில் பேசினான். என்னிடம் அல்ல.

"நீதான் செத்துட்டியேடா..."

டக்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சின்ன லீவர் நகர்ந்தது. மெதுவாக... பழகிய கை நகர்த்துகிற மாதிரி... நடுவில் வந்து நின்றது.

சாவி என் கையில்.

வண்டி பின்னால் உருண்டது.

முன் சக்கரம்...

அலறல்கூட இல்லை.

வண்டி அவன் மார்பின் மேல் நின்றது. அதே சரிவில். தானாக.

கற்களைப் பார்த்தேன். அவை சக்கரத்துக்குப் பின்னால் இல்லை. ஓரமாக, ஒன்றின் மேல் ஒன்றாக, அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

ஓடி வந்த பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். "அதே எடம்" என்றாள்.

செவெரோ கலிஸ்தோவின் கூட்டாளியாம். இதே சரிவில், தன் ஜீப்புக்கு அடியில் படுத்து வேலை பார்த்தபோது நசுங்கிச் செத்தவன். அப்போது உள்ளே உட்கார்ந்திருந்தது கலிஸ்தோ. லீவர் தானாக நழுவியது என்றான். விபத்து என்று போலீஸ் எழுதிக்கொண்டது. ஜீப்பைப் பிரித்து அவனே விற்றான்.

இதையும் போலீஸ் விபத்து என்றுதான் எழுதிக்கொண்டது.

போலீஸிடமிருந்து வண்டி திரும்பி வந்ததும் ரூஃபினோவிடம் எல்லாம் சொன்னேன். லீவர் நகர்ந்ததைச் சொன்னபோது அவன் முகம் வெளுத்தது.

"அண்ணி... அந்த லீவர் நகந்தா ஒண்ணும் ஆகாது."

"ஏன்?"

"கம்பி எட்டல. நான் அத பெட்டியோட சேக்கவே இல்ல. கீழ பெட்டியப் பின் சக்கர ஓட்டத்துல நிறுத்தி, கட்டுக்கம்பியால இறுக்கிட்டேன். புதுக் கம்பி அடிச்சதும் மாத்தலாம்னு இருந்தேன். மேல இருக்கறது சும்மா குச்சி."

டார்ச்சோடு அடியில் போனான். வெளியே வந்து டார்ச்சை அணைத்தான்.

"கட்டு அறுபடல அண்ணி. என் முடிச்சு... அப்படியே இருக்கு."

பாட்டிலை எடுத்தான். வாசலுக்கு வெளியே தெளித்தான். "இருந்தவரே... இரும்ப விட்டுட்டுக் கிளம்புங்க."

இருவரும் காத்திருந்தோம்.

வண்டிக்குள் யாரும் இல்லை. எதனோடும் சேராத அந்தச் சின்ன லீவர், மெதுவாக நகர்ந்து...

நடுவில் நின்றது.