தவேமா வீட்டின் முதுகு

தவேமா எங்கள் ஊர் மண் வீடுகளைக் காக்கும் குழுவின் காவலர். எங்கள் குத்தாம்மாகு வட்டாரம் உலகப் பாரம்பரியச் சொத்து என்று பலகை நட்ட நாளிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அடுத்தவர் கூரையைப் பார்த்தபடி நடப்பார். கொம்பேத்தோ தன் தானியக் குதிர்மேல் ஒரே ஒரு தகரத்தைப் போட்டதற்கு ஊரைக் கூட்டிவிட்டார்.

"நம்ம வீடு மனுசங்க மாதிரிடா. மனுசன் தலையில தகரத்தைக் கவுப்பியா?"

கொம்பேத்தோ கழற்றினார். அந்த மழையில் அவருடைய சோளம் குதிருக்குள்ளேயே முளைவிட்டது.

எங்கள் வீடுகள் மேற்கே பார்த்தவை. மழையோ கிழக்கிலிருந்து வந்து முதுகில்தான் அடிக்கும். அதனால் ஒவ்வொரு கோடையிலும் பெண்கள் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசி, காயுமுன் விரலால் கோடு இழுப்பார்கள். எங்கள் வழக்கப்படி அவர்கள் வயிற்றில் தழும்பாகக் கீறியிருக்கும் அதே கோடுகள். போன வருடம் தவேமா மனைவி நாத்தாவிடம், "பின்பக்கத்துக்கு நீ மெனக்கெடாதே. போட்டோ பிடிக்கிறவன் எவனும் சோளக்காட்டுக்குள்ள வந்து நிக்கமாட்டான்" என்றார். சிமெண்டைப் பூசி, மேலே செம்மண் கரைத்துத் தெளித்தார். எனக்குத் தெரியும். மூட்டையைச் சைக்கிளில் தள்ளி வந்தவன் நான்தான்.

இந்த வருடம் அறுவடை முடிந்ததும் தவேமாவின் அப்பா அதே வீட்டில் இறந்தார். இறந்தவரின் வீட்டுக்குப் புதுத்துணி போர்த்த வேண்டும். அப்போதுதான் அவர் வாசலில் முன்னோருக்கென எழுப்பிய மண்மேட்டில் குடிவருவார்; இல்லையென்றால் போக்கிடம் கிடையாது. துணிக்கு முன், இறந்தவரின் தங்கை வீட்டைச் சுற்றித் தடவி, அண்ணன் வருவதை அதனிடம் சொல்ல வேண்டும். அந்தத் தங்கையான யோவா அத்தைக்குக் கண் மங்கல். கை மங்கவில்லை.

பின்சுவரில் கை நின்றது.

"இது யாரு?" என்றார்.

"வீடுதான் அத்தை" என்றார் தவேமா.

"கோடு எங்கடா? இப்படிச் சில்லுனு கிடக்கு. உங்கப்பன்கூட இன்னும் இவ்வளவு விறைக்கல."

கூட்டத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போனது.

"எங்கண்ணன் வந்து தடவிப் பாத்துட்டு, வேற யார் வீடோன்னு திரும்பிப் போயிட்டா? நான் சொல்லமாட்டேன், போ."

மேளம் நின்றது. கொம்பேத்தோ இப்போது ஏதாவது சொல்வார் என்று தவேமா தலையைக் குனிந்து காத்திருந்தார். சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். கொம்பேத்தோ வீட்டுக்குப் போய் ஒரு மண்வெட்டியோடு வந்தார்.

"பிடி கொஞ்சம் லூசா ஆடுது. பாத்துக் கொத்து."

அப்பாவைப் பாயில் கிடத்தியிருக்க, ஊர் பார்க்கக் காவலர் கொத்தினார். சிமெண்ட் தனியாக வரவில்லை. சுவரின் சதையையும் பிய்த்துக்கொண்டு வந்தது. உள்ளே மண் சொதசொதவென்று ஊறியிருந்தது. ஓட்டை விழுந்தது. அதன் வழியாக அவர் வீட்டு ஆடு தலையை நீட்டி எங்களைப் பார்த்தது. தவேமா திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஆட்டைப் பார்த்தேன்.

"நான் பூசுறேன். தண்ணியை நீ சுமந்து வா" என்றார் நாத்தா. ஓடைக்கும் வீட்டுக்கும் ஆறு நடை, எல்லோர் முன்னாலும். இந்த முறை கைகள் பின்னால் இல்லை. தலைமேல் குடத்தைப் பிடித்திருந்தன.

ஈரக் கோடுகளை அத்தை தடவினார். "ம், நீதான். அண்ணன் வர்றாரு" என்று சுவரிடம் சொன்னார்.

சிமெண்ட் யார் கொண்டுவந்தது என்று யாரும் கேட்கவில்லை. துணியின் ஒரு முனையை என்னிடமும் நீட்டினார்கள். பிடித்தேன். மறுமுனையில் தவேமா. போர்த்தி முடிக்கும்வரை இருவரும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.