கோத்தகிரியிலிருந்து வந்த செம்பு

கண்டியில் என்னோடு வேலை செய்யும் தோழி ஒருத்தி, தன் பூர்வீகம் தெரிய வேண்டும் என்று எச்சிலைக் குப்பியில் பிடித்து மரபணுச் சோதனைக்காக வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். நீயும் அனுப்பேன் என்று என்னையும் நச்சரிக்கிறாள். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. நான் நாலாம் தரம் படித்தபோது இதே காரியமாக எங்கள் வீட்டுக்கு ஒரு பித்தளைச் செம்பு வந்தது. அதற்குமேல் எந்தக் குப்பி எனக்கு என்ன சொல்லிவிடப் போகிறது?

மடுல்கெல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு. அப்பா தினமும் கண்டிக்கு பஸ் பிடித்துப் போய் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்துவிட்டு வருவார். நமக்கு இல்லாதது ஒன்றே ஒன்றுதான் என்று அவர் அடிக்கடி சொல்வார். அம்மா உடனே விரலை மடக்கி, கூரைத் தகரத்திலிருந்து தொடங்கி மற்றவற்றையும் சொல்ல ஆரம்பிப்பாள். அப்பா சொன்ன அந்த ஒன்று, குலசாமி.

தேயிலைக்கு மேலே ஒரு பெரிய மரத்தடியில் தோட்டத்துக் குடும்பங்களின் சாமிகள் இருந்தன. அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் தங்கள் ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து, அதை இங்கே புதைத்து, மேலே கல் நட்டார்கள். மண் வந்தால் சாமி வந்ததாகக் கணக்கு. வருஷத்துக்கு ஒருமுறை பூசை நடக்கும்போது ஒவ்வொரு குடும்பமும் தன் சாமியின் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்லிக் கூப்பிடும். நாங்கள் வாயை மூடிக்கொண்டு நிற்போம். தாத்தாவின் அப்பா சின்னப் பையனாக யாரோ ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு இந்த மலைக்கு வந்தவர். பெற்றவர்கள் வழியிலேயே போய்விட்டார்கள். ஊரைப் பற்றி அவருக்கு நினைவிருந்ததெல்லாம் ஒரு புளியமரமும் அதன் கீழே ஒரு மண்குதிரையும்தான். அக்கரையில் புளியமரமும் மண்குதிரையும் இல்லாத ஊரைத் தேடினால்தான் கஷ்டம்.

அடுத்த வீட்டுக் கல்லின் பின்னால் நின்று கும்பிட்டுவிட்டு வரும் நாளில் அப்பா யாரோடும் பேச மாட்டார். ஊர்ப் பெயர் தெரியாதது ஏதோ குற்றம் போல அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

அவருடைய நம்பிக்கையெல்லாம் தாத்தாவின் அண்ணன் குடும்பத்தின் மேல் இருந்தது. தோட்டத்தில் பாதிப் பேரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் அவர்களும் போய்விட்டார்கள். போனவர்கள் நேரே சொந்த ஊருக்குத்தானே போயிருப்பார்கள், சாமியைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்பது அப்பாவின் எண்ணம். நாட்டில் சண்டை ஓய்ந்த பிறகு, திருச்சிப் பக்கம் யாத்திரை போன லயத்துக்காரர் ஒருவர், அந்த வீட்டு மகன் கோத்தகிரியில் இருப்பதாக விசாரித்து ஃபோன் நம்பரோடு வந்தார். எனக்கு அவர் பெரியப்பா முறை.

வெளிநாட்டுக் கால் என்றால் கத்தித்தான் பேச வேண்டும் என்பது அப்பாவின் நம்பிக்கை. சாமி விஷயமாகத்தான் தேடினேன், பிடிமண் வேண்டும் என்று அவர் கத்தியது லயம் முழுக்கக் கேட்டது. நானும் அதை நினைத்துத்தான் தவித்துக்கொண்டிருக்கிறேன், செம்போடு வருகிறேன் என்று பெரியப்பா சொன்னார். அப்பா ஃபோனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுவாரமே சிமெந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவே மரத்தடியில் ஒரு மேடை கட்டினார். நடுவில் மட்டும் பூசாமல் ஒரு சதுரக் குழி விட்டார், ஊர் மண்ணைப் போட. மேடையைப் பார்த்துவிட்டு வருகிறவர்களெல்லாம் உங்க சாமி எந்த பிளைட்டில் வருது என்று கேலி செய்தார்கள். அப்பாவும் கூடச் சிரித்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பெரியப்பாவைக் கூட்டிவரக் கண்டி ஸ்டேஷனுக்கு அப்பாவோடு நானும் போனேன். ஒல்லியான மனிதர். தலையில் குல்லா, கையில் மஞ்சள் துணியில் முடிந்த செம்பு. வத்தேகமையைத் தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். மடுல்கெல்லையில் இறங்கியதும் வழிகாட்ட வேண்டிய நாங்கள் பின்னால் ஓட வேண்டியிருந்தது. குறுக்குப்பாதையில் ஏறி, லயத்தில் நேரே எங்கள் வாசலில் போய் நின்றார். பத்து வயதில் விட்டுப்போன வாசல் அது.

அம்மா செம்பை இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கிய வேகத்தில் அவள் கை சட்டென்று மேலே போனது. அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஏற்கனவே சூடம் கொளுத்திக்கொண்டிருந்தார். அவள் செம்பைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பா அதற்கு மாலை போட்டு, விழுந்து கும்பிட்டு, என்னையும் விழச் சொன்னார். பெரியப்பாவும் பக்தியாகக் கை கூப்பினார். மண் போடுவதற்கு முன் செம்புக்கே பூசை செய்வது இங்கத்து வழக்கம் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டாராம். பிற்பாடு அவரே சொன்னார்.

அன்று சாயங்காலம் அவர் மிளகாய் இடித்த கட்டசம்பலும் ரொட்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே தேத்தண்ணி குடித்தார். தேத்தண்ணி என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு காலமாகிவிட்டது என்றார். ஊரைப் பற்றிக் கேட்க அப்பாவுக்கு நாக்குத் துடித்தது. சாமி காரியத்தைச் சாமி முன்னால்தான் கேட்க வேண்டும் என்று அடக்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் தப்படித்துக்கொண்டு எல்லோரும் மேலே ஏறினோம். கேலி செய்தவர்கள்கூட விட்டுப்போகவில்லை. அப்பா ஈர வேட்டியோடு மேடைக்கு முன்னால் உட்கார்ந்து மஞ்சள் துணியை அவிழ்த்து, செம்பைக் குழியின் மேல் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. நிமிர்த்தி உள்ளே பார்த்தார். புளி போட்டுத் தேய்த்த செம்பு பளபளவென்று இருந்தது.

தப்புச் சத்தம் நின்றுவிட்டது. பெரியப்பாவுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

"செம்புல அள்ளிப் போடு தம்பி," என்றார். "எங்கப்பா சாகுற வரைக்கும் இந்த மரத்தச் சொல்லித்தான் கும்புட்டாரு."

அப்பா அவரையே பார்த்தார். "அப்ப நம்ம ஊரு மண்ணு? நீங்க கொண்டாருவீங்கன்னு..."

"எந்த ஊரு?"

"நம்ம ஊருண்ணே. நீங்கதானே அங்க போனீங்க."

பெரியப்பா மெதுவாக மேடையில் உட்கார்ந்தார். மண்டபம் முகாமில் இறங்கியதும் அதிகாரி சொந்த ஊர் கேட்டாராம். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, பெரியப்பாவின் அப்பா தோட்டத்துக் கங்காணியின் ஊரைச் சொன்னாராம். அங்கே போனால் இவர்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கையில் தெரிந்த தொழில் தேயிலை ஒன்றுதான். அதைத் தேடித் திரும்பவும் ஒரு மலையில் ஏறிவிட்டார்கள்.

"எங்கள அங்க சிலோன்காரன்னுதான் கூப்புடுறாங்க," என்றார் பெரியப்பா. "சின்னப் பையனா இங்க வந்த நம்ம தாத்தா உங்க வீட்டுலதானே கண்ண மூடுனாரு. ஊரு பேர உங்ககிட்டயாச்சும் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன் தம்பி."

அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார். அவருடைய உடையாத நம்பிக்கை ஒன்று என் கண்ணெதிரே உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை. நான் அழத் தயாராக இருந்தேன். பெரியப்பா ஏமாற்றிவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது.

பிறகு அப்பா யாரும் எதிர்பாராத காரியம் ஒன்று செய்தார். பக்கத்தில் கிடந்த அலவாங்கை எடுத்து, ஊர் மண்ணுக்காக விட்டுவைத்த அதே குழியைக் கிளறினார். ஈரமான சிவப்பு மண்ணைக் கைநிறைய அள்ளிச் செம்பில் போட்டார். மஞ்சளும் குங்குமமும் தூவி, துணியால் மூடி இறுக்கி முடிந்தார். நிறைக்க வைத்திருந்த குழி இன்னும் ஆழமாகிவிட்டதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

செம்பை வாங்கிய பெரியப்பா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மினார். வயதில் அவ்வளவு பெரியவர் ஒருவர் அழுது நான் பார்த்ததில்லை. தப்படிப்பவர்கள் தாங்களாகவே மறுபடி அடிக்கத் தொடங்கினார்கள். போகும்போது கண்டி வரைக்கும் பஸ்ஸில் செம்பை மடியிலேயே வைத்திருந்தார். பையில் வைக்கச் சொன்ன கண்டக்டரோடு சண்டைக்குப் போய்விட்டார்.

சில மாதம் கழித்துக் கோத்தகிரியிலிருந்து ஃபோன் வந்தது. அங்கே கோயில் எழும்பிவிட்டதாம், பூசை நடக்கிறதாம், கேளுங்கள் என்றார் பெரியப்பா. அப்பா ஸ்பீக்கரில் போட்டார். தப்பின் இரைச்சலுக்கு நடுவே பல குரல்கள் சேர்ந்து, மடுல்கெல்லைச் சாமியே என்று கூப்பிட்டன. நாங்கள் வாசலில் நின்று, எங்கள் இடத்தின் பெயரைக் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டோம். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்ப நம்ம சாமி எப்பப்பா வரும் என்று நான் கேட்டேன். அப்பா என் தலையைத் தடவினார்.

அந்தக் குழியை அவர் மூடவே இல்லை. மழைத் தண்ணீர் நிற்கும், இலை விழும். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் இலையைப் பொறுக்கிவிட்டு ஒரு விளக்கு வைத்துவிட்டு வருவார். மேசன் ஒருவர் மிஞ்சிய சிமெந்தைப் போட்டுப் பூசிவிடட்டுமா என்று கேட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

"இருக்கட்டும்," என்றார் அப்பா. "யாராச்சும் வருவாங்க."

யாராவது ஒருநாள் எங்கள் ஊர் மண்ணைக் கொண்டுவருவார்கள் என்றுதான் எனக்கு விளங்கியது. நெடுநாள் நானும் வழியைப் பார்த்திருந்தேன். இன்றைக்கும் பஸ்ஸில் புளியமரத்தைக் கடந்தால் கழுத்தைத் திருப்பி அதன் அடியைப் பார்க்கிறேன். அந்த ஏக்கம் போகவில்லை, போகவும் போகாது. ஆனால் அப்பா சொன்னது கொண்டுவருகிறவர்களை அல்ல. போனவர்களில் இன்னும் யாராவது வெறுஞ்செம்போடு வந்தால் அள்ளிக் கொடுக்க மண் வேண்டுமே என்று அவர் அதைத் திறந்துவைத்திருந்தார் என்பது, அன்று சிறுமியாக இருந்த எனக்குத் தெரியவில்லை.