மே மாதத்து வழி, ஜனவரிப் பனி

மலைப் பனியைப் பற்றி யாராவது அழகாகப் பேசினால் எனக்கு எரிச்சல் வரும். புதுப் பனியில் கால் புதையும், வழுக்காது. பழைய பனிதான் ஆளைக் கவிழ்க்கும். பல பேர் மிதித்து, பகலில் உருகி, வெயில் போனதும் மறுபடி இறுகி, சாம்பல் நிறத்தில் கல் மாதிரிக் கிடக்கும். அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தவன் மாதிரி நடந்துகொண்டேன்.

எழுபதுகளின் கடைசி. டெல்லி கரோல் பாக்கில் ஒரே அறையில் நானும் ஒரு திருநெல்வேலிக்காரனும் இருந்தோம். ஒரே அலுவலகம், இருவரும் டைப்பிஸ்ட். நான் நிரந்தரம், அவன் தற்காலிகம். பிப்ரவரியில் டைப்பிங் பரீட்சை. அதில் தேறினால்தான் அவனுக்கு வேலை. என்னைவிட வேகமாக அடிப்பான். தேறுவான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

குடியரசு தினத்தோடு ஞாயிறும் சேர்ந்து வந்தது. சிம்லாவுக்கு மேலே ஒரு மலைக்கோயில் வரை நடக்கலாம் என்று கிளப்பியது நான். எங்கள் செக்‌ஷன் ஆபீசர் அங்கே போய் வந்தவர். வழி கேட்டேன்.

"லோதி கார்டன்ல நடக்கற மாதிரிப்பா. மூணு மணி நேரம் ஏறினா கோயில்."

அவர் போனது மே மாதத்தில். அதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குமாஸ்தா புத்தி அப்படித்தான். மேலதிகாரி வாய் திறந்துவிட்டால் அதற்கு மேல் விசாரணை கிடையாது.

அடிவாரத்து டீக்கடைக்காரர் இந்தியில் சொன்னார்: "பாபுஜி, மேலே வடக்குப் பக்கம் வெயிலே படாது. பன்னிரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிடுங்க."

"நாங்க டெல்லிக் குளிரையே பார்த்தவங்க" என்றேன்.

நண்பன் சிரித்தான். "ரஜாயிப் போர்வைக்குள்ள கெடந்துல்லாவே பார்த்தீரு!"

பன்னிரண்டு மணிக்குக் கோயில் கண்ணிலேயே படவில்லை. அவன் திரும்பலாம் என்றான். இன்னும் அரை மணி என்றேன் நான். இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் கோயில் பூட்டிக் கிடந்தது.

இறங்கும்போது நிழல் விழுந்த முதல் திருப்பத்திலேயே அவன் சறுக்கினான். கையை ஊன்றி ஊன்றித்தான் நின்றான். நூல் கையுறை நனைந்து, காற்றில் விறைத்துவிட்டது. அதன் பிறகு இருவரும் உட்கார்ந்தபடியே, கையால் பனியைப் பிடித்துப் பிடித்து இறங்கினோம். என்னுடையது தோல் கையுறை. அதைக் கழற்றிக் கொடுக்கத் தோன்றவில்லை என்று எழுதினால் பொய். தோன்றியது. கொடுக்கவில்லை.

டீக்கடைக்கு வந்தபோது அவன் விரல் நுனிகள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. டெல்லியில் தினமும் காலையில் என்ன செய்வோம்? ஆபீஸ் வாசலில் காவல் இருக்கும் சௌக்கிதாரின் கரியடுப்பில் கையைச் சூடாக்கிவிட்டு டைப் அடிக்க உட்காருவோம். அதையேதான் இங்கேயும் செய்தேன். அவன் இரண்டு கையையும் பிடித்து அடுப்புக்கு மேல் நீட்டினேன்.

"சுடுதா?"

"ஒண்ணும் தெரியலவே. இன்னும் கிட்டக் கொண்டு போரும்."

கொண்டு போனேன். தோல் கருகும் வாடைதான் முதலில் வந்தது. உள்ளேயிருந்து ஓடிவந்த கடைக்காரர் என்னைப் பிடித்துத் தள்ளினார். மரத்த கையை நெருப்பில் காட்டுவார்களா, வெதுவெதுப்பான தண்ணீரில் அல்லவா வைக்க வேண்டும் என்று கத்தினார். வலது கையில் மூன்று விரல் கொப்புளித்து ஊதியிருந்தது.

டெல்லி ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களின் நுனியை எடுத்தார்கள். பரீட்சையைத் தள்ளி வைக்கக் கேட்டு மனு கொடுத்தோம். வழி சொன்ன அதே செக்‌ஷன் ஆபீசர், 'சொந்த உல்லாசப் பயணத்தில் பட்ட காயம், சலுகைக்கு இடமில்லை' என்று குறிப்பு எழுதினார். அதை டைப் அடிக்க என்னிடம்தான் கொடுத்தார். அடித்தேன். நகல் எடுத்து ஃபைலில் கோர்த்தேன்.

பரீட்சை போய், வேலையும் போய், மார்ச்சில் அவன் ஊருக்குக் கிளம்பினான். ஸ்டேஷன் வரைக்கும் பெட்டியை நான் தூக்கிப் போனேன். அவன் கையில் பிடி நிற்கவில்லை.